பேய்க்கதை படித்த மேரி

1816-ம் ஆண்டு, ஜூன் மாதம். சுவிட்சர்லாந்து நாட்டில் ஜெனீவா ஏரிக்கரையில் ஓயாத மழை. கோடைகாலம்தான், ஆனாலும் குளிர் வாட்டியது. முந்தின ஆண்டு இந்தோனேசியாவில் தம்போரா எரிமலை வெடித்தது. அது கக்கிய புகை வானத்தில் பரவி வெயிலை மறைத்துவிட்டது. இந்தக் காரணம் அன்று அங்கே யாருக்கும் தெரியாது.

ஏரியோரம் ஒரு மாளிகையில், கணப்பின் முன் ஐந்து பேர் உட்கார்ந்து பேய்க்கதை படித்துக்கொண்டிருந்தார்கள். மாளிகையில் குடியிருந்தவர் ஆங்கிலக் கவிஞர் பைரன் பிரபு. மற்றவர்கள் கவிஞர் ஷெல்லி, டாக்டர் பாலிடோரி, இரண்டு இளம் பெண்கள். அந்தப் பெண்களில் ஒருவர்தான் மேரி. வயது 18.

அவர்கள் படித்தது ஜெர்மன் பேய்க்கதைகளின் பிரெஞ்சு மொழிபெயர்ப்பு. அதில் ஒரு கதை மேரியின் மனதில் ஒட்டிக்கொண்டது. ஒரு குடும்பத்தின் மூதாதை பேயாக வருகிறான். தூங்கும் பிள்ளைகளின் நெற்றியில் முத்தமிடுகிறான். முத்தம் பட்ட பிள்ளைகள் வாடி இறந்துபோகிறார்கள். மேரிக்கு அப்போது ஐந்து மாதக் கைக்குழந்தை இருந்தது. பெயர் வில்லியம்.

இறந்த குழந்தை

சாவு மேரிக்குப் புதிதல்ல. 1797-ல் அவர் லண்டனில் பிறந்த 11-ம் நாளே தாயார் இறந்துவிட்டார். பெண்ணுரிமைக்காக நூல் எழுதிய பெரிய அறிவாளி அவர். மேரிக்குக் கிடைத்தது அவருடைய கல்லறையும் புத்தகங்களும்தான்.

16 வயதில் மேரி வீட்டைவிட்டு ஷெல்லியுடன் போய்விட்டார். ஷெல்லி ஏற்கெனவே மணமானவர். ஊர் தூற்றியது. தந்தை முகம் கொடுத்துப் பேசவில்லை. 1815-ல் குறைமாதத்தில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. இரண்டு வாரம்கூட அது உயிரோடு இல்லை. சில நாள் கழித்து மேரி ஒரு கனவு கண்டார். குழந்தை சாகவில்லை, குளிரில் விறைத்திருக்கிறது, கணப்பின் முன் வைத்துத் தேய்த்ததும் பிழைத்துக்கொள்கிறது! கண் விழித்தார். குழந்தை இல்லை.

ஜெனீவாவில் பைரன் ஒரு யோசனை சொன்னார். ஆளுக்கொரு பேய்க்கதை எழுத வேண்டும் என்றார். மேரிக்கு ஒன்றும் தோன்றவில்லை. தினமும் காலையில் கதை கிடைத்ததா என்று கேட்பார்கள். இல்லை என்று தலைகுனிவார். ஒரு நாள் இரவு, மின்சாரத்தால் பிணத்துக்கு உயிர் கொடுக்க முடியுமா என்று ஷெல்லியும் பைரனும் பேசிக்கொண்டிருந்தார்கள். மேரி வாய் திறவாமல் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு படுத்தார். தூக்கம் வரவில்லை. மூடிய கண்ணுக்குள் ஒரு காட்சி! மனிதன் செய்துவைத்த பயங்கர உருவம் ஒன்று மெல்ல அசைகிறது. செய்தவனே அதைக் கண்டு நடுங்குகிறான்.

அதுவே பிராங்கன்ஸ்டைன் நாவல்.

பிராங்கன்ஸ்டைன் என்பது பூதத்தின் பெயர் என்று பலர் நினைக்கிறார்கள். அது பூதத்தைச் செய்த மாணவனின் பெயர். பூதத்துக்குப் பெயரே கிடையாது. பிறக்கும்போது அது கெட்டதாகவும் இல்லை. செய்தவன் விட்டுவிட்டு ஓடுகிறான், காண்பவர்கள் விரட்டுகிறார்கள். அதன் பிறகே கொலை செய்கிறது. முதலில் சாகிறவன் மாணவனின் சின்னத் தம்பி. அவனுக்கு மேரி வைத்த பெயர் வில்லியம்! தன் குழந்தையின் பெயரை ஏன் வைத்தாரோ!

புகழும் துயரமும்

1816 டிசம்பரில், ஷெல்லியின் முதல் மனைவி நீரில் மூழ்கி இறந்த சில வாரங்களில், ஷெல்லியும் மேரியும் மணந்துகொண்டார்கள். 1818-ல் நாவல் வெளிவந்தது. அச்சிட்டது 500 பிரதிகள். ஆசிரியர் பெயர் இல்லை. முன்னுரை எழுதிய ஷெல்லியே கதையையும் எழுதியிருப்பார் என்று பலர் எண்ணினார்கள். அந்த ஆண்டே மகள் கிளாரா வெனிஸில் இறந்தாள். 1819-ல் ரோமில் வில்லியம் இறந்தான். 1822-ல் ஷெல்லி இத்தாலியக் கடலில் படகு கவிழ்ந்து மாண்டார்.

24 வயதில் மேரி விதவை. மிஞ்சியது ஒரே மகன். 1823-ல் அவனோடு லண்டன் திரும்பியபோது, அங்கே பிராங்கன்ஸ்டைன் நாடகமாக நடந்துகொண்டிருந்தது. மேரி போய்ப் பார்த்தார். நடிகர் பட்டியலில் பூதத்தின் பெயர் வரவேண்டிய இடத்தில் வெறும் கோடு போட்டிருந்தார்கள். அது அவருக்கு மிகவும் பிடித்திருந்தது.

பிறகு பல ஆண்டுகள் எழுதிச் சம்பாதித்தே மகனை வளர்த்தார். 1851 பிப்ரவரி 1-ந் தேதி, 53-வது வயதில் மேரி காலமானார். மகன் உயிரோடு இருந்தான்.