நடப்பார்க்கு நிழல் தந்த அரசி

மதுரையை ஆண்ட சொக்கநாத நாயக்கர் 1682-ஆம் ஆண்டிற் காலமாயினார். அவர்தம் தேவியே இராணி மங்கம்மாள். மைந்தர் அரங்ககிருஷ்ண முத்துவீரப்பரும் 1689-இல் வைசூரியால் மாண்டார். தந்தை மறைந்த பின் பிறந்த பெயரன் விஜயரங்க சொக்கநாதனுக்கு முடிசூட்டி, அக்குழவியின் பெயரால் பாட்டியாரே நாடாண்டார்.

பகை அவரை ஓயாது நெருக்கிற்று. முகலாயர்க்குத் திறை செலுத்தி நாட்டைக் காத்தார். தஞ்சையோடும் இராமநாதபுரத்தோடும் பொருதார். ஆயினும், மக்கள் அவரை மறவாதிருப்பது அவர் அமைத்த வழிகளாலேயாம். அந்நாளில் வணிகரும் யாத்திரிகரும் பெரும்பாலும் கால்நடையாகவே நெடுந்தொலை சென்றனர். அவர்தம் துயர் தீர அரசியார் சாலைகள் வகுத்தார். இருமருங்கும் மரம் வைத்தார். இளைப்பாறச் சத்திரங்கள் எடுத்தார். மதுரைப் புகைவண்டி நிலையத்தின் எதிரே மங்கம்மாள் சத்திரம் இன்றும் உளது. தென்பாண்டி நாட்டிற் பழஞ்சாலைகள் பல மங்கம்மாள் சாலை என்றே வழங்குகின்றன.

பெயரன் ஆட்சி ஏற்ற காலத்து அவரைச் சிறையிட்டுப் பட்டினியால் மாளச் செய்தனர் என்பது செவிவழிச் செய்தி. வழிப்போக்கர் பசிக்கு இரங்கியவர் பசியால் மடிந்தார் எனக் கேட்குங்கால் நெஞ்சு உருகுகின்றது.

எம் வேப்பூர் வழியே சென்னை–திருச்சிப் பெருஞ்சாலை நான்கு தடமாய்ச் செல்கின்றது. மோட்டார் வண்டிகளின் விரைவுக்கு அஞ்சி, முதியோரும் சிறாரும் அதனைக் கடக்க இயலாது ஓரத்தே நிற்கக் காண்கின்றோம். அன்பர்காள்! நாளை நம்மிற் சிலர் பொறியியலாராகவும் அதிகாரிகளாகவும் சாலை வகுக்கும் பொறுப்பேற்பர். நிழலும், நடைபாதையும், அச்சமின்றிக் கடக்கும் வழியும் நடப்பார்க்கு உரியன என்பதை அவர்கள் இவ்வரசியாரிடம் கற்பாராக.