ஸ்ரீமான் வ. உ. சிதம்பரம்பிள்ளையவர்களும் சுதேசிக் கப்பற் கம்பெனியும்

தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையிலுள்ள கடல் நீராவிக் கப்பலுக்கு ஓரிரவு வழி. அச்சிறு கடலைக் கடந்தே தென்பாண்டி நாட்டு வணிகரும் தோட்டத் தொழிலாளரும் யாத்திரிகரும் இலங்கைக்கு வந்து போயினர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவ்வழி பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி என்னும் ஓர் ஆங்கிலக் கம்பெனியின் கையகத்ததாயிருந்தது. அதனை எதிர்த்துத் தமிழர் பணத்தாற் கப்பலோட்டியவர் ஸ்ரீமான் வ. உ. சிதம்பரம்பிள்ளையவர்கள் என்பதை அறியாதார் இலர். ஆயின் அவர் யாருடைய பணத்தைக் கொண்டு கப்பல் பெற்றார், அப்பணத்துக்கு எவ்வாறு பொறுப்பாயினார், அப்பொறுப்பும் அவர் மேற்கொண்ட பிற பொறுப்புக்களும் ஒன்றோடொன்று எங்ஙனம் முட்டின என்பவற்றை எண்ணிப் பார்த்தவர் சிலரே. ஆதலால் அவர் சரித்திரத்தை அவ்வழி நின்று யாம் ஈண்டுக் கூறப்புகுந்தனம்.

பிள்ளையவர்கள் 1872ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 5ஆந் திகதி திருநெல்வேலி ஜில்லாவைச் சேர்ந்த ஒட்டப்பிடாரத்திலே உலகநாதபிள்ளை என்பவருக்கும் பரமாயி அம்மையாருக்கும் புதல்வராய்த் தோன்றினார். தந்தையார் வக்கீல், மைந்தரும் அத்தொழிலே பயின்று 1895இல் ஒட்டப்பிடாரத்தில் வழக்காடத் தொடங்கினார். கைப்பொருளில்லாத எளியார்க்குக் கூலி வாங்காது வழக்காடுதலும், பொலிசார் தொடுத்த வழக்குக்களைப் பொய்யென்று காட்டி எதிரிகளை விடுவித்தலும் அவர்க்கு வழக்கமாயின. அவ்வூர் அதிகாரிகளின் பகை மைந்தர்மேற் பெருகுதலைக் கண்டு அஞ்சிய தந்தையார், 1900இல் அவரைத் தூத்துக்குடிக்குப் போய்த் தொழில் நடாத்தும்படி செய்தனர். தந்தையார் அஞ்சி அனுப்பிய அவ்வூரே அவர்க்குப் பெரும் போர்க்களமாயிற்று.

தூத்துக்குடி பஞ்சும் நூலும் கப்பலும் ஒருங்கே கூடிய பட்டினம். 1905இல் வங்காளம் பிரிக்கப்பட்டதும் எழுந்த சுதேசியக் கிளர்ச்சி அங்கும் பரவிற்று. பிள்ளையவர்கள் நெசவுச்சாலையொன்றும் சுதேசப் பொருள் விற்கும் பண்டகசாலையொன்றும் ஏற்படுத்துவதில் முன்னின்றனர். ஆயினும் துணியை நாமே நெய்தாலும் அதனை ஏற்றிச் செல்லும் கப்பல் பிறருடையதாயின், ஏற்றுகூலி என்னும் வழியால் ஆதாயம் அவர்பாலே சென்று சேரும் என்பது துறைமுகத்தில் வாழ்ந்த அவர்க்கு நன்கு விளங்கியது. இதனை மேடைப் பேச்சாக விடாது கணக்குப் புத்தகத்திற் கொண்டுவந்து வைத்தமையே அவரது தனிச்சிறப்பு என்பது எம் கருத்து.

1906ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 16ஆந் திகதி சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி பதிவு செய்யப்பெற்றது. மூலதனம் பத்து இலட்சம் ரூபா. ஒன்று 25 ரூபா வீதம் 40,000 பங்குகள். ஆசிய கண்டத்தாரே பங்கு கொள்ளலாம் என்பது விதி. 25 ரூபா அக்காலத்திற் சிறு தொகையன்றாயினும், சிறு வணிகரும் உத்தியோகத்தரும் ஒரு பங்கேனும் வாங்கக்கூடியதாக வைத்த அளவு அது. பாலவனத்தம் ஜமீன்தாரும் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை 1901இல் நிறுவிய வள்ளலுமாகிய பாண்டித்துரைத் தேவரவர்கள் தலைவராயினர். ஹாஜி முகம்மது பக்கீர் சேட் அவர்கள் 8,000 பங்குக்கு இரண்டு இலட்சம் ரூபா கொடுத்துக் காரியதரிசியாயினர். மூலதனத்தில் ஐந்திலொரு கூறு ஒருவர் கையிலிருந்து வந்தமை காண்க. சைவ வேளாளராகிய வக்கீல், இஸ்லாமியராகிய பெருவணிகர், தமிழ் வளர்த்த ஜமீன்தார் ஆகிய மூவரும் ஓர் ஓலையிற் கையொப்பமிட்டு நின்றது அக்காலத்தில் எளிதிற் காணத்தக்கதன்று. பிள்ளையவர்கள் ஏற்றது உதவிக் காரியதரிசிப் பதவியே. எனினும் பங்கு விற்க ஊரூராய் அலைந்தவரும், கடன் வாங்க வாயில்தோறும் நின்றவரும் அவரே.

கம்பெனிக்குத் தொடக்கத்திற் சொந்தக் கப்பல் இல்லை. பம்பாயிலிருந்த ஷா லைன் கம்பெனியாரிடம் கப்பல்களை வாடகைக்குப் பெற்று ஓட்டினர். இஃது எத்துணை இடர் தருவதென்பது விரைவில் வெளிப்பட்டது. ஆங்கிலக் கம்பெனியார் ஷா லைனாரை நெருக்க, அவர் தங் கப்பல்களை மீட்டுக்கொண்டனர். சரக்கு துறையிற் கிடக்கக் கப்பல் இல்லாத நிலை நேர்ந்தது. அவ்வமயம் பிள்ளையவர்கள் கொழும்புக்கு வந்து பெருங் கப்பலொன்றை வாடகைக்கு அமர்த்தி வாக்குத் தவறாது சரக்கை ஏற்றிவிட்டனர். கம்பெனியின் பேர் அன்று கெடாமற் காத்தது இக்கொழும்புக் கப்பலே என்பதை இலங்கையராகிய யாம் நினைத்து மகிழ்தல் பிழையாகாது.

இனி வாடகைக் கப்பலை நம்புதல் கூடாதென்று துணிந்து, சொந்தக் கப்பல் வாங்கும் பொருட்டுப் பிள்ளையவர்கள் பம்பாய்க்குச் சென்றனர். அப்பொழுது மனைவியார் கருவுற்றிருந்தனர். மூத்த மைந்தர் உலகநாதன் நோய்வாய்ப்பட்டிருந்தனர். கப்பலோடு மீள்வேன், இன்றேற் கடலில் வீழ்வேன் என்னும் கருத்துடையராய் அவர் புறப்பட்டனர் என்ப. வீட்டுக் கடமையை ஒருபுறந் தள்ளிப் பிறர் பணத்துக்குச் செய்யவேண்டிய கடமையை மேற்கொண்ட இச்செயலைப் புகழ்வோர் பலர். அவ்வில்லத்தில் விளக்கேற்றி வைத்து வழிபார்த்திருந்த அம்மையாரை நினைக்குந்தோறும், எமக்குப் புகழ்மொழி நாவில் எளிதில் எழுகின்றிலது. காலியா என்னும் கப்பல் அவர் முயற்சியாற் கிடைத்தது. லாவோ என்னும் மற்றொன்றை வேதமூர்த்தி முதலியார் பிரான்சு தேசத்திலிருந்து வாங்கி வந்தனர். ஒவ்வொன்றும் மேல் வகுப்பில் 42 பேரையும், இரண்டாம் வகுப்பில் 24 பேரையும், பொது வகுப்பில் 1,300 பேரையும், 4,000 மூடைச் சரக்கையும் ஏற்றத்தக்கது. 1907ஆம் ஆண்டின் இடைப்பகுதியில் இவ்விரண்டும் தூத்துக்குடித் துறையை அடைந்தபோது ஊரார் கொண்ட மகிழ்ச்சி சொல்லுந் தரத்ததன்று.

பின்னர்க் கட்டணப் போர் மூண்டது. ஆங்கிலக் கம்பெனியார் கொழும்புக் கட்டணத்தை ஒரு ரூபாவாகக் குறைத்தனர். சுதேசிக் கம்பெனியார் எட்டணாவாக்கினர். அவர் கட்டணமே வேண்டாவென்று கூறி ஏறுவோர்க்குக் குடையும் இனாமாக வழங்கினர் என்று வழிவழியாகக் கூறுவர். இங்கே ஒரு சிறு கணக்கை அன்பர்கள் நோக்குக. பொது வகுப்பில் 1,300 பேரும் இடம் ஒழியாமல் ஏறினும் எட்டணா வீதம் வருவது 650 ரூபாவே. நிலக்கரியும் மாலுமிகள் சம்பளமும் துறைக்கூலியும் அதிலிருந்தே கொடுபடல் வேண்டும். பல கடல்களிற் பல கப்பலோட்டும் பெருங் கம்பெனி ஒரு வழியில் வரும் நட்டத்தை மற்றை வழிகளின் ஆதாயத்தால் ஈடுசெய்யும். இரண்டே கப்பலுடைய கம்பெனிக்கு அவ்வாறு ஈடுசெய்ய வேறு வழி ஏது? 1890களிலே பம்பாய் ஜம்ஷெட்ஜி தாத்தா அவர்கள் சீனத்துக்கு நூல் ஏற்றும் வழியில் பி. அண்ட் ஓ. கம்பெனியை எதிர்த்துக் கப்பல் விட்டு, இத்தகைய கட்டணப் போரிலேயே பின்வாங்க நேர்ந்தது. பின்வாங்கிய தாத்தாவுக்கு நூலாலைகள் இருந்தன. பிள்ளையவர்களுக்கு இருந்தவை மக்கள் பற்றும் பங்காளிகள் நம்பிக்கையுமே. அவற்றின் துணையால் வணிகரும் பிரயாணிகளும் இனாம் வழியை விட்டுச் சுதேசிக் கப்பலிற் பணங்கொடுத்து ஏறினர். சுங்கத்தாரும் துறை மருத்துவ அதிகாரிகளும் சுதேசிக் கப்பலுக்கே தடை பல செய்கின்றனர் என்னும் முறைப்பாடும் அக்காலத்தில் ஓயாதெழுந்தது.

இவ்விடத்தே மற்றொரு தொழிலின் வரலாறு வந்து கலக்கின்றது. தூத்துக்குடியில் கோரல் மில் என்னும் நூலாலையை நடாத்தியவர் ஹார்வி கம்பெனியார். ஆங்கிலக் கப்பற் கம்பெனிக்கு அவ்வூர் ஏஜெண்டுகளும் அவரே. ஆகவே ஆலையும் கப்பலும் இரு தொழிலாயினும் எதிர்நின்ற கை ஒன்றே. அவ்வாலைத் தொழிலாளர் குறைந்த கூலிக்கு நீண்ட நேரம் உழைத்தனர்; வார ஓய்வு இல்லை; சிறுவரும் உழைத்தனர். 1908ஆம் ஆண்டு பெப்ருவரி மாதம் 27ஆந் திகதி அவர் வேலை நிறுத்தஞ் செய்தனர். பிள்ளையவர்களும் சுப்பிரமணிய சிவா அவர்களும் அவர்க்குத் தலைமை தாங்கினர். வேலை நிறுத்தியோர் பட்டினி கிடவாதபடி ஊரிற் பணந்திரட்டியும் வேறு வேலை தேடிக்கொடுத்தும் பிள்ளையவர்கள் காத்தனர். ஆலையார் பக்கம் நின்றோர்க்கு நாவிதரும் வண்ணாரும் தொழில் செய்ய மறுத்தனர். மார்ச்சு மாதத் தொடக்கத்தில் ஆலையார் இறங்கிவந்து கூலி உயர்வும் நேரக்குறைவும் ஞாயிறு ஓய்வும் அளித்தனர்.

பிள்ளையவர்கள் செயல்களில் இதனையே யாம் மிக உயர்ந்ததாக மதிக்கின்றோம். கம்பெனிக்கு மிக்க கேடு விளைத்ததும் இதுவே. கப்பற் கம்பெனியின் டைரெக்டர்களுட் சிலர்க்கு அவர் அரசியல் மேடையேறுதல் முன்னரே உவப்பாயில்லை. 1907 டிசெம்பரிலே சூரத்துக் காங்கிரசிற் றிலகரோடு நின்று வந்தவரைக் கம்பெனிக் காரியதரிசியாக வைத்திருத்தல் பங்காளிகள் பணத்துக்குத் தீங்காகுமென்று அவர் அஞ்சினர். அவ்வச்சத்தைக் கோழைமை என்று பின்வந்தோர் இகழ்வர். யாம் அங்ஙனம் இகழத் துணியோம். 25 ரூபாவைச் சேமித்துக் கொடுத்தவன் அதனைத் திரும்பக் கேட்கும் உரிமையுடையன். ஆயின் மக்கள் பற்றினாலன்றி ஒருநாளும் ஓடாத கப்பலை, மக்கள் துன்பத்திற் பங்குகொள்ளாதவர் ஓட்டுதல் எங்ஙனம்? இரண்டு கடனும் மெய்யே. இரண்டையும் ஒருங்கே இறுத்தல் அந்நாளில் எவராலும் இயன்றிராது. பிள்ளையவர்கள் ஒன்றைத் தேர்ந்துகொண்டனர்.

விபின சந்திர பாலர் 1908 மார்ச்சு மாதம் 9ஆந் திகதி சிறையினின்றும் விடுதலையானதைக் கொண்டாடியதை அடுத்து, 12ஆந் திகதி பிள்ளையவர்களும் சிவா அவர்களும் சிறைப்படுத்தப்பட்டனர். மறுநாட் டிருநெல்வேலியிற் கலகம் மூள, துப்பாக்கிப் பிரயோகத்தில் நால்வர் இறந்தனர். ஜூலை மாதம் 7ஆந் திகதி நீதிபதி பின்ஹே பிள்ளையவர்களுக்கு இரண்டு ஆயுட்டண்டனை விதித்தனர். அதனைக் கேட்ட தம்பியார் மீனாட்சிசுந்தரம் அறிவு கலங்கி, வாழ்நாள் முழுதும் தெளிந்திலர். மேல் நீதிமன்றம் தண்டனையை ஆறாண்டாகக் குறைத்தது. கோயம்புத்தூர்ச் சிறையில் அவரைச் செக்கிழுக்கச் செய்தனர். பின்னர்க் கண்ணனூர்ச் சிறைக்கு மாற்றினர்.

அவர் உள்ளிருந்த காலத்திற் கம்பெனி தளர்ந்து 1911அளவில் அழிந்தொழிந்தது. காலியா எந்த ஆங்கிலக் கம்பெனியை எதிர்த்து வாங்கப்பட்டதோ அதன் கைக்கே விலைப்பட்டது. சிறையிருந்தவர்க்குச் செக்கினும் இது கொடிதாயிருந்திருக்கும்.

1912ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 24ஆந் திகதி அவர் விடுதலையாயினர். அவர் பின்னாற் சென்ற ஆயிரவரில் எவரும் சிறைவாயிலில் நின்றிலர். முன்னரே விடுதலை பெற்றுச் சிறையிற் பற்றிய தொழுநோயோடிருந்த சிவா அவர்களே எதிர்கொண்டனர். வக்கீற் சன்னது பறிக்கப்பட்டிருந்தமையாற் பிள்ளையவர்கள் சென்னையிற் குடியேறிச் சிறு கடை வைத்துப் பார்த்தனர், ஆதாயமில்லை. பத்து இலட்ச ரூபாக் கம்பெனியை எழுப்பிய கைக்குப் படிக்கணக்கில் அளந்து விற்றல் பழகவில்லை போலும்! தென்னாபிரிக்கத் தமிழர் அவர்க்கென்று திரட்டிய பணம் காந்தியடிகளிடம் தங்கியிருந்தது. அதுபற்றி 1915இற் கடிதங்கள் பல போய்வந்து, 1916இல் 347 ரூபா 12 அணா அவர் கைசேர்ந்தது. அத்தொகையும் அன்று அவர் குடும்பத்துக்குப் பெரிதாயிருந்தது. அந்நிலையிலும் தொழிலாளர் சங்கங்களுக்குத் துணைநின்றனர்.

வறுமையிடையே அவர் தமிழை விட்டிலர். ஜேம்ஸ் ஆலனுடைய நூல்களை மொழிபெயர்த்தனர். மெய்யறம், மெய்யறிவு என்பன இயற்றினர். தொல்காப்பிய இளம்பூரணத்தையும் இன்னிலையையும் பதிப்பித்தனர். 1935இற் சிவஞான போதத்துக்கு அவர் வரைந்த உரை வெளிவந்தது. சைவ சித்தாந்தங் கற்பார் அவரைக் கப்பலோட்டியவராக மாத்திரம் அறிந்தமைதல் குறையென்பதற்கு இவ்வுரையே சான்று.

வாலஸ் என்னும் ஆங்கில நீதிபதியின் உதவியாற் சன்னது திரும்பக் கிடைத்தது. நன்றி மறவாத பிள்ளையவர்கள் தம் புதல்வருக்கு வாலேஸ்வரன் என்று பேரிட்டனர். கோவிற்பட்டியிற் சில காலம் வழக்காடி, 1932இற் றூத்துக்குடிக்கு மீண்டனர். ஆங்கிலக் கம்பெனியோடு பொருதவர் ஆங்கிலேயர் ஒருவர் பேரை வீட்டில் நாள்தோறும் அழைக்கும்படி வைத்தமை, அவர் பகை எதனோடு என்பதை நன்கு காட்டும்.

1936ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 18ஆந் திகதி, தமது விருப்பின்படி கொண்டு சேர்க்கப்பட்டிருந்த தூத்துக்குடிக் காங்கிரசு நிலையத்திலே அவர் உயிர் நீத்தனர். இறக்குமுன் எழுதிவைத்த மரண சாசனத்திற் பெருஞ்சொத்தொன்றும் இல்லை. துணிக்கடைக்கும் எண்ணெய்க்கடைக்குமாகக் கொடுக்கவேண்டிய சில்லறைக் கடன்கள் அதில் வரிசையாகக் குறிக்கப்பட்டிருந்தன.