ஏழு சிறுமிகளோடு தொடங்கியவர்: ஜூலியட் கோர்டன் லோ

பெண் சாரணியம் என்றதும் பேடன் பவல் பிரபுவின் பெயரும் அவருடைய துணைவியார் ஒலேவ் அம்மையாரின் பெயரும்தான் நம் நினைவுக்கு வரும். வினாடி வினாப் போட்டிகளிலும் அவர்களைப் பற்றியே கேட்பார்கள். நான் எழுத எடுத்துக்கொண்டது இன்னொரு பெண்மணியைப் பற்றி. ஐக்கிய அமெரிக்காவில் பெண் சாரணியத்தைத் தொடக்கி வைத்த ஜூலியட் கோர்டன் லோ என்பது அவர் பெயர். எங்கள் கல்லூரியின் சின்னஞ்சிறு சாரணியருக்கு இரண்டு வருடங்களாக உதவித் தலைவியாக இருந்து வருகிறேன். அதனால் அவர் ஒரு தேசத்துக்குத் தலைவியானதைவிட, முதலில் ஒரு சிறு குழுவுக்குத் தலைவியாக இருந்த காலமே என்னை அதிகம் கவர்ந்தது.

ஜூலியட் 1860ஆம் ஆண்டு ஒக்டோபர் 31ஆம் திகதி ஜோர்ஜியா மாநிலத்தின் சவானா நகரில் பிறந்தார். தந்தை பருத்தி வணிகர். தாய் சிக்காகோவைச் சேர்ந்தவர். வீட்டில் எல்லோரும் அவரை டெய்சி என்றே அழைத்தனர். சித்திரம் வரைவார், நாடகம் எழுதுவார், பிராணிகள் மீது பேரன்பு கொண்டவர். எடுத்த காரியத்தை முடிப்பதற்குள் இன்னொன்றில் மனம் போய்விடும் என்று குடும்பத்தார் கேலி செய்வதும் உண்டு.

25 வயதளவில் அவருக்குக் காதுவலி வந்தது. அதற்குச் செய்த சிகிச்சை ஒரு காதின் கேட்கும் திறனைப் பெரிதும் கெடுத்துவிட்டது. 1886 டிசம்பரில் வில்லியம் மக்கே லோ என்ற செல்வந்தரை மணந்தார். மணமக்கள் மீது அரிசி தூவுவது அங்குள்ள வழக்கம். அப்படித் தூவிய அரிசியில் ஒரு மணி அவருடைய நல்ல காதுக்குள் போய்ச் சிக்கிக்கொண்டது. காது புண்ணாகி, அரிசியை எடுக்கும்போது செவிப்பறை துளைபட்டது. அந்தக் காதும் செவிடாயிற்று. புது மணப்பெண்ணாக இங்கிலாந்துக்குப் போனவர், பிறர் பேசுவதில் பெரும்பகுதி கேட்காமலேயே அங்கு வாழ்க்கையைத் தொடங்கினார்.

அந்த மணவாழ்க்கை நிலைக்கவில்லை. பிள்ளைகளும் இல்லை. 1905இல் கணவர் இறந்தபோது, சொத்தில் பெரும்பகுதியை வேறொரு பெண்ணுக்கு எழுதி வைத்திருந்தது தெரியவந்தது. சட்டத்தின் உதவியோடு ஜூலியட் ஒரு பங்கைப் பெற்றுக்கொண்டார். வசதிக்குக் குறைவில்லை, ஆனால் செய்வதற்கு என்று ஒரு வேலை இல்லை. இரும்பைக் காய்ச்சி அடிக்கவும் கற்றுத் தம் வீட்டுக்குத் தாமே இரும்புக் கதவு செய்த கைகள் அவருடையவை. அந்தக் கைகள் வேலை தேடிக் காத்திருந்தன என்றே எனக்குத் தோன்றுகிறது.

1911ஆம் ஆண்டு அவர் பேடன் பவலைச் சந்தித்தார். அதற்கு இரண்டு வருடங்களுக்கு முன், லண்டன் பளிங்கு மாளிகையில் நடந்த சாரணர் கூட்டத்துக்கு அழைப்பில்லாமலே சிறுமிகளும் வந்து நின்றிருந்தார்கள். அவர்களுக்காகவே பேடன் பவலின் சகோதரி அக்னஸ் அம்மையாரின் தலைமையில் பெண்களுக்குத் தனி இயக்கம் உருவாகியிருந்தது. ஜூலியட் அதைக் கேட்டு வியந்ததோடு நிற்கவில்லை. அதே வருடம் ஸ்கொட்லாந்தின் கிளென் லயன் பள்ளத்தாக்கில் கோடையைக் கழிக்கச் சென்றபோது, அயலில் இருந்த சிறுமிகளை அழைத்தார். வந்தவர்கள் ஏழு பேர்.

மலைகளுக்கிடையே வீடுகள் தூரத் தூர இருக்கும் இடம் அது. ஒரு சிறுமி பல மைல் நடந்தே வந்தாள். சனிக்கிழமை தோறும் தேநீரும் சிற்றுண்டியும் கொடுத்து, முடிச்சுப் போடுதல், வரைபடம் வாசித்தல், முதலுதவி, சைகை மொழி என்று ஜூலியட் கற்பித்தார். கைநூலில் இருந்தவை இவ்வளவுதான். ஆனால் அந்தப் பிள்ளைகளின் வீட்டு நிலையையும் அவர் கவனித்தார். சற்று வளர்ந்ததும் அவர்கள் பிழைப்புக்காக நகரத் தொழிற்சாலைகளுக்குப் போகவேண்டியிருந்தது. ஆகவே கோழி வளர்க்கவும் ஆட்டு மயிரை நூலாக நூற்கவும் பழக்கினார். வேட்டைக்காக அங்கு வந்து தங்குவோர் கோழிகளை வாங்கினர். நூலை விற்க லண்டனில் ஒரு கடையையும் அவரே தேடிக்கொடுத்தார். வீட்டை விட்டுப் போகாமலே அந்தப் பிள்ளைகள் நாலு காசு சம்பாதித்தார்கள்.

ஒரு தலைவி முதலில் செய்யவேண்டியது இதுதான் என்று நான் நினைக்கிறேன். வந்திருப்பவர் ஏழு பேர் என்றால் அந்த ஏழு பேரையும் அறிந்துகொள்வது. அவர்களுக்கு எது உதவும் என்று பார்த்து அதைக் கற்பிப்பது.

இரண்டாவது பாடம் இன்னும் சுவையானது. கோடை முடிந்து புறப்படும்போது ஜூலியட் குழுவைக் கலைத்துவிடவில்லை. ஊர்த் தபாலதிபர் அம்மையிடம் ஒப்படைத்தார். பின்னர் லண்டனின் ஏழைப் பகுதியொன்றில் இன்னொரு குழுவைத் தொடங்கினார். அமெரிக்காவுக்குப் போகும் நேரம் வந்ததும் ரோஸ் கெர் என்ற தோழியிடம் அதை ஏற்கும்படி கேட்டார். தோழியோ தமக்கு நேரமில்லை, தாம் லண்டனில் வசிப்பவரும் இல்லை, சிறுமிகளைப் பழக்கும் திறமையும் இல்லை என்று காரணங்களை அடுக்கினார். ஜூலியட்டின் செவிட்டுக் காதில் அவற்றில் ஒன்றும் விழவில்லை! அடுத்த கூட்டம் எந்த நாளில் என்பதையும், தலைவி வருவார் என்று பிள்ளைகளிடம் சொல்லியாயிற்று என்பதையும் அறிவித்துவிட்டு அவர் போய்விட்டார். அப்படி வலிய ஏற்றப்பட்ட ரோஸ் கெர், பிற்காலத்தில் இவ்வியக்கத்தின் உலகளாவிய பணிகளில் முன்னின்றதோடு அதன் வரலாற்றையும் நூலாக எழுதினார்.

1912 மார்ச் 12ஆம் திகதி ஜூலியட் சவானாவில் 18 சிறுமிகளைச் சேர்த்துத் தம் நாட்டின் முதற் குழுவைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 51. உறவினரான ஒரு பெண் அதிபரின் பாடசாலைப் பிள்ளைகள், யூதக் குடும்பத்துப் பிள்ளைகள், அநாதை இல்லத்துப் பிள்ளைகள் எனப் பலரும் தொடக்க காலக் குழுக்களில் சேர்ந்தனர். நீல நிறச் சீருடையைத் தாமே தைத்துக்கொண்டார்கள். அவருடைய வீட்டுக்கு எதிரே இருந்த வெறுங்காணியில் கூடைப்பந்து ஆடினார்கள். தெருவில் போவோர் பாராதபடி சுற்றிலும் கன்வஸ் திரை கட்டப்பட்டது. விளையாட்டும் வேண்டும், மறைவும் வேண்டும் என்றால் இரண்டுக்கும் வழி உண்டு என்பதை நம் கல்லூரி மாணவியர்க்கு நான் விளக்கத் தேவையில்லை.

குறையையும் சொல்லத்தான் வேண்டும். நிறபேதம் வேரூன்றியிருந்த மண் அது. முதற் குழுக்கள் வெள்ளையினச் சிறுமிகளுக்கே உரியனவாக இருந்தன. அந்தத் தென் மாநிலங்களில் கறுப்பினச் சிறுமிகள் தங்களுக்கும் இடம் கிடைக்கப் பல வருடங்கள் காத்திருந்தார்கள்.

1913இல் இயக்கத்தின் பெயர் கேர்ள் ஸ்கவுட்ஸ் என மாறியது. வாஷிங்டனில் தலைமையகம் திறக்கப்பட்டது. தொடக்க வருடங்களில் செலவின் பெரும்பகுதியை ஜூலியட்டே தாங்கினார். பணம் தட்டுப்பட்டபோது தம் முத்துமாலையை 8000 டொலருக்கு விற்றார். ஒருமுறை செயற்குழுக் கூட்டத்தில், புதிதாக வந்த சாரணியர் சப்பாத்தை எல்லோருக்கும் காட்டுவதற்காகத் தலைகீழாக நின்றாராம். 1920இல் தலைமைப் பதவியைத் தாமாகவே விட்டுக்கொடுத்தார்.

1923இல் அவருக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்தது. அதைப் பெரும்பாலும் வெளியே சொல்லாமல், 1926இல் நியூயோர்க் மாநிலத்தில் சாரணியரின் உலக மாநாடு நடப்பதற்காக அலைந்து திரிந்தார். 1927 ஜனவரி 17ஆம் திகதி சவானாவில் காலமானார். அவர் விரும்பியபடியே சாரணியர் சீருடையுடன் அடக்கம் செய்தார்கள். அப்போது அந்த நாட்டில் ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்டோர் இயக்கத்தில் சேர்ந்திருந்தனர். 2012இல் அமெரிக்க ஜனாதிபதியின் சுதந்திரப் பதக்கம் அவருக்கு மரணத்துக்குப் பின் வழங்கப்பட்டது.

நம் நாட்டில் பெண் சாரணியம் 1917ஆம் ஆண்டு கண்டி மகளிர் உயர் பாடசாலையில் தொடங்கியது. நூறு வருடங்களுக்கு மேலாக அது தொடர்ந்து வருவதற்குக் காரணம், ஒவ்வொரு பாடசாலையிலும் ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் வந்து நின்றதுதான். சம்பளமில்லாத வேலை, நன்றியை எதிர்பார்க்க முடியாத வேலை. ஆனாலும் முதல்நாள் வாய்திறக்காத பிள்ளை மூன்றாம் மாதம் அணியின் முன்னே நின்று உறுதிமொழி சொல்லும்போது வரும் மகிழ்ச்சிக்கு நான் சாட்சி.

எங்கள் குழுவில் இப்போது 16 சின்னவர்கள் இருக்கிறார்கள். இந்த வருடம் நான் உயர்தரப் பரீட்சைக்குத் தோற்றுகிறேன். எனக்குப் பின் அவர்களை யார் பார்ப்பது என்பது இன்னும் முடிவாகவில்லை. கேட்ட இடத்திலெல்லாம் நேரமில்லை, பழக்கமில்லை, பயமாக இருக்கிறது என்று சொல்கிறார்கள். பத்தாம், பதினோராம் வகுப்புத் தங்கைமாரே, ஜூலியட்டுக்கு இருந்தது போன்ற காது எனக்கும் இருந்தால் நல்லதென்று சில வேளை நினைப்பேன். சனிக்கிழமை காலை எட்டரை மணிக்கு மைதானத்து வேப்பமரத்தடியில் கூடுகிறோம். முடிச்சுகளை நான் காட்டித் தருகிறேன். மற்றதை அந்தப் பதினாறு பேரும் உங்களுக்குக் கற்றுத் தருவார்கள்.