பட்டம் பெறாத காயிதே மில்லத்

பிள்ளையின் மதிப்பெண் பட்டியலை நீட்டி, துஆச் செய்யுங்கள் ஹஜ்ரத் என்று கேட்கும் பெற்றோரைக் காரமடையில் அடிக்கடி காண்கிறேன். தொழுகை எப்படி, நடத்தை எப்படி என்று கேட்டால் பதில் வருவதில்லை. அவர்களுக்காகவே மர்ஹூம் காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயீல் சாஹிப் அவர்களை இங்கு நினைவுகூர்கிறேன்.

1896-ல் திருநெல்வேலிப் பேட்டையில் பிறந்தார்கள். சிறு வயதிலேயே தந்தையார் வஃபாத்தாகிவிட, அன்னையாரே மார்க்கப் பற்றூட்டி வளர்த்தார்கள். 1920-ல் பி.ஏ. தேர்வு நெருங்கிய வேளையில் ஒத்துழையாமை இயக்கத்திற்காகக் கல்லூரியைத் துறந்தார்கள். பட்டம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது! பிறகு தோல் வணிகம்.

மேடை அதிரப் பேசும் நாவலர் அல்லர், மென்மையான பேச்சு. ஆனால், முஸ்லிம் லீகைக் கலைத்துவிடும்படி நாலா பக்கமும் நெருக்கிய 1948-ல், அதன் தலைமையை ஏற்றவர்கள் அவர்கள்தாம். அரசியல் நிர்ணய சபையில் தமிழுக்கு ஆட்சிமொழித் தகுதி கேட்டார்கள். 1962-ல் சீனப் போர் மூண்டதும், தம் ஒரே மகனைப் படைக்கு அனுப்பச் சித்தமென்று பிரதமர் நேருவுக்கு எழுதினார்கள். ஊரார் பிள்ளையைப் போருக்கு அழைப்பது எல்லோருக்கும் எளிது.

1962, 1967, 1971 மூன்று தேர்தல்களிலும் கேரளத்தின் மஞ்சேரி மக்கள் அவர்களையே நாடாளுமன்றத்திற்கு அனுப்பினார்கள். அம்மக்களின் மொழி மலையாளம், இவர்களோ தமிழர். அங்கே நாவன்மை எந்த மட்டும் உதவியிருக்கும்?

1972 ஏப்ரல் 5-ல் வஃபாத்தானார்கள். சென்னை திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசலில் அடங்கியிருக்கிறார்கள்.