செடி மருத்துவர் கார்வர்

அமெரிக்க நாட்டு மிசௌரி மாநிலத்தில், டயமண்ட் என்னும் சிற்றூரை அடுத்த பண்ணையொன்றில், 1864ஆம் ஆண்டை ஒட்டி, மேரி என்ற அடிமைப் பெண்ணின் மகனாகப் பிறந்தவர் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர். தாம் பிறந்த நாள் இன்னதென்று அவர் அறியார். அடிமையின் குழந்தைக்கு நாள் குறித்து வைப்பார் எவருமிலர். கைக்குழந்தையாக இருந்தபோது தாயையும் சேயையும் கொள்ளையர் கவர்ந்து சென்றனர். குழந்தை மட்டும் மீட்கப்பட்டது. தாயைப் பற்றிய செய்தியே இல்லை.

அடிமை முறை 1865இல் ஒழிந்தது. பண்ணைக்குரிய மோசஸ் கார்வரும் அவர்தம் மனைவி சூசனும் அச்சிறுவனைத் தம் வீட்டிலேயே வளர்த்தனர். நோஞ்சான் பிள்ளையாதலின் வயல்வேலைக்கு ஆகவில்லை. எனவே சமையல், சலவை, தையல் ஆகியவற்றைச் சூசன் அம்மையாரிடம் கற்றான். எஞ்சிய பொழுதெல்லாம் காட்டில்தான். யார் கண்ணிலும் படாத ஓரிடத்தில் சிறு தோட்டம் அமைத்து, வாடிய செடிகளைக் கொணர்ந்து நட்டுப் பிழைக்க வைத்தான். அக்கம்பக்கத்தார் தம் வீட்டுச் செடிகள் நோயுற்றால் இவனை அழைப்பர். செடி மருத்துவர் என்ற பெயரும் வந்தது. நம் பிள்ளைகளும் இவ்வாறு ஏதேனும் ஒன்றில் தோய்ந்திருக்கக் காண்கிறோம். வீண்வேலை என்று அதட்டி விடுகிறோம். யானும் அதட்டியவனே.

அவ்வூர்ப் பள்ளி வெள்ளையர்க்கு மட்டுமே உரியது. ஆகவே சிறுவயதிலேயே நியோஷோ நகருக்குச் சென்று, கறுப்பினப் பிள்ளைகளுக்கான பள்ளியில் சேர்ந்தார். பின்னர்க் கான்சாஸ் மாநிலத்தில் ஊர் ஊராகச் சென்று, துணி வெளுத்தும் சமைத்தும் பிழைத்து, உயர்நிலைக் கல்வியை முடித்தார். ஹைலாண்டு என்னும் ஊரிலிருந்த கல்லூரி கடித வாயிலாக இடம் அளித்தது. 1885இல் நேரில் சென்று நின்றபோது நிறத்தைக் கண்டு மறுத்தது. அவ்வாயிலினின்று திரும்பிய இளைஞரின் உள்ளத்தை இம்மலரைப் படிப்போர்க்கு யான் விளக்க வேண்டுவதில்லை.

ஐந்தாண்டுகள் கழித்து, 1890இல், அயோவா மாநிலத்துச் சிம்ப்சன் கல்லூரி அவரை ஏற்றது. அங்கு அவர் விரும்பிப் பயின்றது ஓவியம். தூரிகை பிடித்த கை மலர்களையே வரைந்தது. ஓவிய ஆசிரியை எட்டா பட் என்பார் இதனை உற்று நோக்கினார். அவ்வம்மையாரின் தந்தையார் ஏம்ஸ் நகர வேளாண் கல்லூரியில் தோட்டக்கலைப் பேராசிரியர். அங்குச் சென்று தாவரவியல் பயிலுமாறு அம்மையார் தூண்டினார். கார்வர் எளிதில் இசையவில்லை. ஓவியமே அவர் உயிர். எனினும், நிலத்தை நம்பி வாழும் தம் மக்களுக்கு எக்கல்வி பயன்படும் என்று எண்ணிப் பார்த்து, 1891இல் ஏம்ஸ் சென்றார். அக்கல்லூரியின் முதல் கறுப்பின மாணவர் அவரே. தொடக்கத்தில் ஏனைய மாணவரோடு அமர்ந்து உண்ணவும் அவரை விடவில்லை.

ஓவியத்தை அவர் அடியோடு விட்டுவிடவில்லை. யுக்கா செடியையும் கள்ளியையும் தீட்டிய அவரது ஓவியம் 1893இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் பாராட்டுப் பெற்றது. 1894இல் பட்டம் பெற்று, அக்கல்லூரியிலேயே துணை ஆசிரியராக அமர்ந்து முதலாண்டு மாணவர்க்குக் கற்பித்தார். பேராசிரியர் ஒருவரின் சிறு மகன் அக்காலத்தில் அவர் பின்னாலேயே செடி தேடித் திரிவான். புல்லின் வகைகளையும் பூவின் உறுப்புகளையும் அக்குழந்தைக்குப் பொறுமையுடன் காட்டினார். அச்சிறுவனே 1941இல் அமெரிக்கத் துணைக் குடியரசுத் தலைவரான ஹென்றி வாலஸ்.

1896இல் முதுகலைப் பட்டம் பெற்றதும், புக்கர் டி. வாஷிங்டன் அழைப்பை ஏற்று, அலபாமா மாநிலத்து டஸ்கிகி நிறுவனத்தில் பொறுப்பேற்றார். அங்கு ஆய்வுக்கூடம் என்று சொல்லத்தக்கது எதுவுமில்லை. மாணவர்களைக் குப்பைமேடுகளுக்கு அழைத்துச் சென்று, எறியப்பட்ட புட்டிகள், கம்பிகள், தகர மூடிகள் முதலியவற்றைப் பொறுக்கி வந்து கருவிகளாக்கினார். கருவி வரும்வரை பாடம் நடவாது என்று கூறும் ஆசிரியரை யாம் அறிவோம்.

குறையே இல்லாதவர் என்று அவரைக் கூறவியலாது. தம் மாதிரிச் செடிகளை வைக்கத் தனியறை கேட்டதால் உடன் பணியாற்றியோர் முகம் சுளித்தனர். கணக்கெழுதுவதிலும் கோழிப்பண்ணையை மேற்பார்ப்பதிலும் அவர் திறமை காட்டவில்லை; தலைவருடன் பலமுறை பிணங்கினார். மாணவர்களிடத்தில் மட்டும் அப்பிணக்கு இல்லை. மாணவர் சிலர் வேண்டியதன்பேரில் தொடங்கிய ஞாயிறு மாலை விவிலிய வகுப்பில் நாளடைவில் கூட்டம் பெருகியது. தம் பிள்ளைகள் என்றே இளைஞர்களைக் கருதி, அவர்கள் ஊரைவிட்டுச் சென்ற பின்னரும் இடையறாது கடிதம் எழுதினார். மணம் புரிந்துகொள்ளவில்லை.

பருத்தியையே பயிரிட்டுச் சத்திழந்த மண்ணில் தட்டைப்பயறு, நிலக்கடலை ஆகியவற்றை விதைத்தால் வேர்முடிச்சுகளால் தழைச்சத்து ஏறும் என்று உழவர்க்கு உணர்த்தினார். 1906 முதல் குதிரை வண்டியொன்று பாடத்தை ஊர்தோறும் கொண்டு சென்றது. நிலக்கடலை வெண்ணெயைக் கண்டுபிடித்தவர் அவரே என்று பலரும் எழுதுவது பிழை. கடலையினின்று பற்பல பண்டங்கள் ஆக்கிக் காட்டியவர் என்பதே சரி. ஓய்வு நேரங்களில் குரோஷா பின்னினார்; அலபாமாவின் செம்மண்ணிலிருந்தும் களிமண்ணிலிருந்தும் வண்ணம் எடுத்து ஓவியம் தீட்டினார். அவ்வண்ணங்களைக் கொண்டு ஏழைகள் தம் வீட்டுச் சுவர்களைச் செலவின்றி அழகு செய்யலாம் என்றும் கற்பித்தார்.

1943ஆம் ஆண்டு சனவரி 5ஆம் நாள் டஸ்கிகியில் காலமானார். வாழ்நாள் சேமிப்பைத் தம் பெயரால் அமைந்த ஆராய்ச்சி நிறுவனத்திற்கே விட்டுச் சென்றார். அவர் தீட்டிய ஓவியங்களிற் பெரும்பாலானவை 1947இல் அங்குள்ள காட்சியகத்தில் நேர்ந்த தீயில் அழிந்தன.