பல்லாவரத்துக் கல்

மாலை நேரங்களில் தாம்பரத்தில் எட்டாம் வகுப்புச் சிறுவர் சிலருக்கு நான் தனிப்பாடம் சொல்லித் தருகிறேன். கணக்கென்றால் விழித்திருப்பார்கள், வரலாறு என்றாலோ கொட்டாவிதான்! பானிப்பட்டுப் போர்களின் ஆண்டுகளை ஒப்பித்துக்கொண்டிருந்த ஒருவன், நம் ஊர்ப்பக்கம் எதுவுமே நடக்கவில்லையா அண்ணா என்று ஒருநாள் கேட்டுவிட்டான். வரலாற்று மாணவனாகிய எனக்கு விடை தெரியவில்லை. வெட்கமாயிருந்தது. நூலகத்தில் தேடியபோது கிடைத்தவர்தான் இராபர்ட் புரூஸ் ஃபூட்.

1834-இல் இங்கிலாந்தில் பிறந்த ஃபூட், 1858-இல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் சேர்ந்து சென்னை மாகாணத்துக்கு வந்தார். தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்த பீட்டர் பெர்சிவல் பாதிரியாரின் மகளை மணந்தார். பாறைகளை ஆய்ந்து வரைபடத்தில் குறிப்பதே அவருக்கிட்ட பணி. ஆதிமனிதனைத் தேடும்படி எவரும் பணிக்கவில்லை. ஆயினும் பிரான்சின் சோம் ஆற்றுப் படுகையில் கிடைத்த கற்கருவிகள் தொன்மையான மனிதன் செய்தவையே என்று 1859-இல் அறிஞர்கள் ஒப்புக்கொண்ட செய்தி அவர் மனத்தில் பதிந்திருந்தது.

1863 மே 30. கோடை வெயில் காலம். பல்லாவரத்தில் படைவீரர்களின் அணிவகுப்புத் திடலருகே சரளை தோண்டிய ஒரு குழி. அதிலிருந்து ஒரு கல்லை எடுத்தார் ஃபூட். மற்றவர் மிதித்துப் போயிருக்கக்கூடிய கல்! அதில் மனிதக் கை செதுக்கிய தடங்களை அவர் கண்டார். இந்தியாவில் பழங்கற்கால மனிதன் வாழ்ந்ததற்கு முதற்சான்றாக அறியப்பட்ட கருவி அதுவே. அவருக்கு வயது 28தான்.

அதே செப்டம்பரில் வில்லியம் கிங்குடன் சென்று அத்திரம்பாக்கத்தில் மேலும் கருவிகளைக் கண்டெடுத்தார். அவற்றின் வயதை அறிய அன்று வழியில்லை. அவ்வூர்க் கருவிகளுள் மிகப் பழையவை சுமார் 15 இலட்சம் ஆண்டுத் தொன்மையுடையவை என்று 2011-இல் வெளியான ஆய்வு கூறுகிறது.

33 ஆண்டுப் பணிக்குப் பின் 1891-இல் ஓய்வுபெற்றார். தேடலை விடவில்லை. தம் சேகரிப்பை 1904-இல் சென்னை அருங்காட்சியகத்துக்கு விற்றார். 1912-இல் மறைந்தார், அச்சேகரிப்புக்கு அவர் எழுதிய விவரப் பட்டியல் அதன் பின்னரே அச்சேறியது.

இதையெல்லாம் சொன்னதும் சிறுவர்கள் விடவில்லை. ஞாயிறன்று மின்ரயிலில் பல்லாவரம் போனோம். குழியைக் காணவில்லை, வீடுகளையும் மலையையும்தான் கண்டோம். திரும்பும்போது, கேள்வி கேட்ட அந்தப் பையன் ஒரு கல்லை என் கையில் வைத்தான். சாலைபோட உடைத்த ஜல்லி என்று பார்த்தவுடனே தெரிந்தது. ஆனால் எப்படித் தெரிந்தது என்று கேட்டான். குரோம்பேட்டை தாண்டித் தாம்பரம் வரும்வரை அதைத்தான் பேசிக்கொண்டு வந்தோம்.