12 மூட்டைக் கணக்கு

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் வானம் பார்த்த பூமி. அங்கே எம்.ரெட்டியபட்டிக் களத்தில் ஒரு விவசாயி குதிரைவாலி தூற்றி முடித்து நிமிர்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 12 மூட்டை தேறியிருக்கிறது. பிள்ளைகள் 2 பேரா? ஆளுக்கு 6. 3 பேரா? ஆளுக்கு 4. 4 பேரா? ஆளுக்கு 3. 6 பேர் என்றாலும் மூட்டையைப் பிரிக்க வேண்டியதில்லை. ஒரு மூட்டை கூடி 13 ஆகிவிட்டால்? வீட்டில் தகராறுதான்!

12 ஏன் இப்படி இணங்கிப் போகிறது? 13 ஏன் முரண்டு பிடிக்கிறது? இந்தச் சின்னக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு லட்சம் கோடி வரை ஏறிப் போனவர் ஒருவர் உண்டு. அவர்தான் கணித மேதை ராமானுஜன்.

ராமானுஜன் 1887 டிசம்பர் 22-ந் தேதி ஈரோட்டில் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணத்தில். தந்தை சீனிவாச அய்யங்கார் ஜவுளிக் கடைக் குமாஸ்தா. தாயார் கோமளத்தம்மாள்.

பள்ளிக்கூடத்தில் பையன் படு கெட்டிக்காரன். கல்லூரிக்குப் போனதும் கணக்கைத் தவிர வேறு பாடத்தில் மனம் செல்லவில்லை. உபகாரச் சம்பளம் போயிற்று. சென்னைக்கு வந்து பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். எப்.ஏ. பரீட்சையில் 1906-லும் தோல்வி, 1907-லும் தோல்வி.

1909-ல் ஜானகியுடன் கல்யாணம் நடந்தது. வேலை இல்லை. காகிதம் வாங்கக் காசு இல்லை. சிலேட்டில் எழுதி, முழங்கையால் அழித்து, மறுபடியும் எழுதினார். முழங்கை கருத்தே போயிற்றாம். 1912-ல் சென்னைத் துறைமுக ஆபீசில் குமாஸ்தா வேலை கிடைத்தது. மாதச் சம்பளம் 30 ரூபாய். அங்கிருந்துதான் 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டி என்ற கணித நிபுணருக்குத் தம் கணக்குகளை அனுப்பினார். அடுத்த ஆண்டு மார்ச்சு மாதம் கப்பல் ஏறினார்.

அவர் இங்கிலாந்து சேர்ந்த நாலு மாதத்தில் முதல் உலகப் போர் மூண்டது. மரக்கறி உணவுக்குத் திண்டாட்டம். அறையிலேயே தாமே சமைத்துச் சாப்பிட்டார். அந்த நாட்களில் அவர் எழுதிய ஒரு நீண்ட கட்டுரைதான் நம்முடைய 12 மூட்டைக் கணக்கு!

12-ஐ உடைத்துப் பாருங்கள். 3×4 என்று உடைக்கலாம். 2×6 என்றும் உடைக்கலாம். 4-ஐயும் 6-ஐயும் மேலும் உடையுங்கள். எந்த வழியில் போனாலும் கடைசியில் மிஞ்சுவது 2, 2, 3. இதற்கு மேல் உடையாது. 2, 3, 5, 7, 11, 13 போன்ற உடையாத எண்களுக்குப் பகா எண்கள் என்று பெயர். அவற்றை எப்படி வேண்டுமானாலும் கூட்டுச் சேர்த்துப் பெருக்கலாம், தடையே கிடையாது. ஆனால் சிறியதிலிருந்து பெரியது வரை வரிசையாக எழுதிவிட்டால், ஓர் எண்ணுக்கு ஒரே ஜாதகம்தான். ஒரே ஜாதகம் இரண்டு எண்களுக்கு அமையாது. பெருக்கல் ஒன்றை மட்டும் வைத்து நடக்கும் இந்த மாதிரிக் கூட்டத்தைக் கல்லூரியில் அரைக்குலம் என்பார்கள். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். விஷயம் களத்து மூட்டைதான்.

ஜாதகம் தெரிந்தால் பங்கை எண்ணிவிடலாம். 12-ல் 2 இரண்டு முறை வருகிறது. அதை விட்டுவிடலாம், ஒரு முறை எடுக்கலாம், இரு முறை எடுக்கலாம். இது 3 வழி. 3-ஐ எடுக்கலாம் அல்லது விடலாம். இது 2 வழி. இரண்டையும் பெருக்கினால் 6. அதாவது 1, 2, 3, 4, 6, 12 என்று 6 விதமாகப் பங்கு போகும். 12-க்குக் கீழே எந்த எண்ணுக்கும் இந்தப் பாக்கியம் இல்லை. தனக்குக் கீழே உள்ள எல்லா எண்களையும் இப்படி ஜெயிக்கும் எண்களைத்தான் ராமானுஜன் தேடினார். 12-க்கு அடுத்தது 24. பிறகு 36, 48, 60.

18-க்கும் 6 பங்கு உண்டே, அது ஏன் ஜெயிக்கவில்லை? அதன் ஜாதகம் 2, 3, 3. இதில் 2 ஒன்று, 3 இரண்டு. மாற்றி வைத்தால் 2, 2, 3, அதாவது 12. எண் சிறுத்தது, பங்கு குறையவில்லை! ஆகவே ஜெயிக்கும் எண்ணின் ஜாதகத்தில் 2-ஐவிட 3 அதிகம் வராது. 3-ஐவிட 5 அதிகம் வராது. நடுவில் ஒரு பகா எண்ணும் விடுபடாது. கடைசிப் பகா எண் ஒரே ஒரு முறைதான் வரும். 4, 36 இரண்டுக்கு மட்டும் விலக்கு. இத்தனையையும் அவர் நிரூபித்தார்.

102 எண்களைக் கண்டுபிடித்துப் பட்டியல் போட்டார். கடைசி எண் 6,74,632 கோடியே 83,88,800. அதற்கு 10,080 பங்கு! கம்ப்யூட்டர் இல்லாத காலம் அது. எல்லாம் கைக்கணக்கு. அப்படியும் ஓர் எண் டிமிக்கி கொடுத்துவிட்டது. 29,331 கோடியே 86,25,600 என்ற எண்ணை அவர் விட்டுவிட்டார். அதை 23-ஆல் பெருக்கினால் பட்டியலின் கடைசி எண் வருகிறது என்பதுதான் வேடிக்கை.

1915-ல் லண்டன் கணித சங்கம் கட்டுரையை வெளியிட்டது. சங்கத்துக்கு அப்போது பணமுடை. அதனால் கட்டுரையின் ஒரு பகுதி அச்சேறாமல் நின்றுவிட்டது. வந்த பகுதிக்கே 1916 மார்ச்சில் கேம்பிரிட்ஜ் பி.ஏ. பட்டம் கொடுத்தது. எப்.ஏ. தேறாதவர் பி.ஏ. ஆனார்!

1917-ல் நோய் பற்றியது. ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக இருந்தார். 1919-ல் எலும்பும் தோலுமாக ஊர் திரும்பினார். 1920 ஏப்ரல் 26-ந் தேதி சென்னை சேத்துப்பட்டில் உயிர் பிரிந்தது. வயது 32. ஜானகிக்கு அப்போது 21. குழந்தை இல்லை.

அந்த அம்மாள் பிற்காலத்தில் திருவல்லிக்கேணியில் தையல் வேலை செய்து காலம் தள்ளினார். 1994-ல் காலமானார். பணமில்லாமல் நின்ற அந்தக் கட்டுரைப் பகுதி 1997-ல் அச்சாகி வெளிவந்தது.